செங்கல் நிறமாகிப்போன 1984 கல்யாண ஆல்பம்: மஞ்சளும் மூக்குத்தியும் அழியாமல் நிறம் திருத்துவது எப்படி?

கேள்வி. 4 ஜனவரி, காலை 9.10

அம்மா அப்பா கல்யாண ஆல்பம், 1984. எழுபது படம் இருக்கு, எல்லாமே மேக்ஸி சைஸ். அத்தனையும் செங்கல் நிறத்துக்குப் போயிடுச்சு. வீட்டு ஸ்கேனரில் 300 டிபிஐ, ஜேபெக். கிம்ப்னு படம் திருத்துற மென்பொருள்ல திறந்து ஆட்டோ வொயிட் பேலன்ஸ் கொடுத்தேன். சிவப்பு போச்சு, ஆனா அம்மா முகம் சாம்பல் பூசின மாதிரி ஆச்சு, நிழலெல்லாம் பச்சை அடிக்குது. அப்பாவோட வேட்டியை வெள்ளைன்னு தொட்டுக் காட்டினா படம் முழுக்க மஞ்சள். போன் செயலி ஒண்ணுல போட்டா பளிச்சுனு வருது, ஆனா மூக்குத்தியைக் காணோம், முகமும் அம்மா முகமா இல்ல. எங்கிருந்து ஆரம்பிக்கணும் அண்ணா? போன நிறம் திரும்ப வருமா?

4 ஜனவரி, பகல் 1.40

போனது வராது. மிச்சம் இருப்பதைப் பெருக்கலாம். இந்த வேலை முழுவதும் அவ்வளவுதான்.

கலர் பிரிண்டில் மூன்று சாய அடுக்கு உண்டு: சயான், மெஜந்தா, மஞ்சள். அந்தக் காலத் தாள்களில், இருட்டில் வைத்திருந்தாலும் சயான்தான் முதலில் வெளுக்கும். நம் ஊர் வெக்கையும் ஈரமும் அதை வேகப்படுத்தும். சிவப்பு ஒளியை விழுங்குவது சயானின் வேலை. அது மெலிந்ததும் கருப்பாக இருக்கவேண்டிய கூந்தல்கூடச் சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. படத்தில் யாரும் சிவப்பைச் சேர்க்கவில்லை, சிவப்பைத் தடுத்துக்கொண்டிருந்த அடுக்குதான் போய்விட்டது. எனவே சிவப்பைக் குறைக்கும் வழியை விட்டுவிட்டு, சிவப்புச் சேனலில் (சிவப்பு, பச்சை, நீலம் என்று படம் பிரியும் மூன்று பங்கில் சிவப்புப் பங்கில்) மெலிந்துபோன ஏற்ற இறக்கத்தை இழுத்து விரிக்கும் வழியைப் பார்க்கவேண்டும்.

பீரோவில் இருந்த ஆல்பத்துக்கு இது பொருந்தும். கூடத்தில் வெளிச்சம் பட மாட்டியிருந்த படத்தில் பெரும்பாலும் மெஜந்தா முந்திக்கொண்டு வெளுக்கும், படம் பச்சை, நீலப் பக்கம் சாயும். ஒரே நெகட்டிவிலிருந்து போட்ட இரண்டு பிரிண்ட், ஒன்று பீரோவில், ஒன்று சுவரில் என்றால் இரண்டுக்கும் தனித்தனி வைத்தியம்.

ஆட்டோ ஏன் கெடுத்தது: கிம்ப்பின் ஆட்டோ வொயிட் பேலன்ஸ் ஒவ்வொரு சேனலிலும் இரண்டு முனையிலும் 0.05% பிக்சலைத் தள்ளிவிட்டு மீதியை 0 முதல் 255 வரை இழுக்கும். உங்கள் ஸ்கேனில் அந்த முனைகளில் இருப்பது படமே அல்ல. வெள்ளை முனையில் தாளின் பழுத்த ஓரம், கருப்பு முனையில் ஸ்கேனர் மூடியின் நிழல். அவற்றை அளவுகோலாக வைத்து அம்மா முகத்தைத் திருத்தியிருக்கிறது.

4 ஜனவரி, இரவு 10.05

முதலில் ஸ்கேனைத் திரும்ப எடுங்கள். இப்போது இருக்கும் ஜேபெக்கை வைத்து எதுவும் செய்யவேண்டாம்.

600 டிபிஐ. 48 பிட் கலர், அதாவது சேனலுக்கு 16 பிட். டிஃப் கோப்பு. ஸ்கேனர் மென்பொருளில் ஆட்டோ எக்ஸ்போஷர், கலர் ரெஸ்டோர், தூசி நீக்கு, ஷார்ப்பன் என்று என்ன இருந்தாலும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஸ்கேன் அசிங்கமாக, சிவப்பாக, மங்கலாகத்தான் வரவேண்டும்.

4×6 அங்குலம் 600 டிபிஐயில் 2400×3600 பிக்சல், ஒரு கோப்பு சுமார் 52 எம்பி. எழுபது படத்துக்கு 3.6 ஜிபி. ஒரு பென் டிரைவில் அடங்கும். 1200 டிபிஐ போட்டால் கோப்பு நான்கு மடங்காகுமே தவிர, லேப் போட்ட கலர் பிரிண்டில் அந்த அளவு நுணுக்கம் இருக்காது, தாளின் இழைதான் பெரிதாகத் தெரியும். விதிவிலக்கு: பாஸ்போர்ட் சைஸ் படங்களும், நெகட்டிவை நேரே தாளில் வைத்து அச்செடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களும். அவற்றுக்கு 1200 தகும்.

16 பிட் ஏன் என்றால், உங்கள் படத்தில் சிவப்புச் சேனல் 96 முதல் 248 வரை மட்டுமே பரவியிருக்கிறது என்று வையுங்கள். 8 பிட்டில் அது 153 படி. அதை 256 படிக்கு இழுத்தால் நடுநடுவே நூறு படிக்கு மேல் காலி. ஹிஸ்டோகிராம் (எந்த எண்ணில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம்) சீப்புப் பல் மாதிரி ஆகும், கன்னத்திலும் சுவரிலும் திட்டுத்திட்டாகக் கோடு விழும். ஜேபெக் நிறத் தகவலைப் பக்கத்துப் பிக்சல்களோடு சேர்த்துச் சுருக்கிவிடுவதால் இழுக்கும்போது கட்டம் கட்டமாகவும் தெரியும்.

கிம்ப் 2.8 வைத்திருந்தால் மாற்றுங்கள். அது 8 பிட்டோடு நின்றுவிடும். 2018-இல் வந்த 2.10-இலிருந்துதான் 16, 32 பிட். திறந்ததும் இமேஜ் மெனுவில் பிரிசிஷன் 16 பிட் என்று காட்டுகிறதா பாருங்கள்.

படத்தின் பின்பக்கத்தையும் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். யாராவது தேதியோ பேரோ எழுதியிருந்தால் அது படத்தில் பாதி.

5 ஜனவரி, காலை 7.30

துடைப்பது பற்றிச் சொல்ல விட்டுப்போனது. ஊதும் ரப்பர் பல்பும் மெல்லிய பிரஷும் போதும். ஈரத்துணி, ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் பிரிண்டின் மேல் படக்கூடாது. பூஞ்சை பிடித்த இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலையில் இருக்கும். ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் பூஞ்சையோடு முகமும் வந்துவிடும்.

ஒட்டும் பக்க ஆல்பமாக இருந்தால் படத்தை நகத்தால் நெம்பாதீர்கள். பல் இடுக்கில் விடும் நூலை, மெழுகு பூசாததாகப் பார்த்து, படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு ரம்பம் மாதிரி இழுங்கள். வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள்.

6 ஜனவரி, இரவு 9.20

இனி திருத்தம். படத்தின் உட்பகுதியை மட்டும் செவ்வகமாகத் தேர்ந்தெடுங்கள், வெள்ளை ஓரம் சேரக்கூடாது. கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ். மேலே சேனல் என்ற இடத்தில் ரெட். கருப்பு முக்கோணத்தை ஹிஸ்டோகிராம் மேடு தொடங்கும் இடத்துக்கும், வெள்ளை முக்கோணத்தை மேடு முடியும் இடத்துக்கும் நகர்த்துங்கள். அப்புறம் கிரீன், அப்புறம் ப்ளூ. வேல்யூ சேனலைத் தொடவே வேண்டாம்.

பீரோவில் சிவந்த படத்தில் எண்கள் இந்த மாதிரி இருக்கும்: ரெட் 96, 248. கிரீன் 38, 226. ப்ளூ 45, 205. இவை ஒரு மாதிரிக்குத்தான், உங்கள் படத்தில் உங்கள் மேடு எங்கே இருக்கிறதோ அதுதான் கணக்கு. ரெட்டின் கருப்பு முனை மட்டும் வெகுதூரம் உள்ளே வந்திருப்பதைக் கவனியுங்கள். சயான் எவ்வளவு போயிருக்கிறது என்பதற்கு அந்த ஒரு எண்ணே சாட்சி.

மேட்டின் விளிம்புக்குச் சரியாகக் கொண்டுபோய் முட்டவேண்டாம். இரண்டு மூன்று எண் வெளியே நிறுத்துங்கள். முட்டினால் ஜரிகையின் மினுக்கும் கூந்தலின் இழையும் முதலில் செத்துப்போகும்.

7 ஜனவரி, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு பிழை. தேர்வு இருக்கும்போது லெவல்ஸ் கொடுத்தால் தேர்வுக்குள் மட்டும்தான் மாறும், ஓரம் சிவப்பாகவே நிற்கும். தேர்வை வைத்து எண்களை மட்டும் பிடியுங்கள். லெவல்ஸ் சாளரத்தின் மேலே உள்ள கூட்டல் குறியை அழுத்தி அந்த அமைப்பைப் பெயர் கொடுத்துச் சேமியுங்கள். பிறகு ரத்து செய்து, ஷிப்ட் கன்ட்ரோல் ஏ அழுத்தித் தேர்வை நீக்கி, லேயரை (மென்பொருளில் படம் இருக்கும் அடுக்கை) ஒரு நகல் எடுத்து, நகலின் மேல் சேமித்த அமைப்பைப் போடுங்கள்.

சேமிப்பதில் இன்னொரு லாபம். ஒரே லேப், ஒரே நாள் போட்ட பிரிண்ட், ஒரே ஆல்பம் என்றால் வெளுப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஒரு நல்ல படத்துக்குக் கண்டுபிடித்த எண் மற்றதுக்கு முக்கால்வாசி பொருந்தும். அந்த ஒரு படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: கருப்பு, வெள்ளை, முகம் மூன்றும் தெளிவாக உள்ள படம். முகூர்த்தப் படத்தில் புகை இருக்கும், அது வேண்டாம். வரவேற்பில் வரிசையாக நின்று எடுத்த குரூப் படம்தான் இதற்கு ஏற்றது.

7 ஜனவரி, பகல் 2.15

வேட்டி விஷயம். அந்த வேட்டி வெள்ளை இல்லை. சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி, கண்ணுக்கு வெள்ளை, படத்துக்கு வெளிர் நீலம். "இது வெள்ளை" என்று மென்பொருளிடம் சொன்னால் அந்த நீலத்தை அடக்கப் படம் முழுக்க மஞ்சளை ஊற்றுகிறது. கஞ்சி போட்ட சட்டை, துண்டு, மேடையில் விரித்த வெள்ளைத் துணி எல்லாவற்றுக்கும் இதே கதி.

எதைத் தொடலாம்? மண்டபத்தின் சிமெண்ட் தூண், பூசாத தரை. கருப்புக் குடை. எவர்சில்வர் குடம் வேண்டாம், பக்கத்தில் இருக்கும் சிவப்புப் புடவையை அது அப்படியே காட்டும். நகையின் மினுக்கும் வேண்டாம், தங்கம் தன் நிறத்தை ஏற்றித்தான் ஒளியைத் திருப்பும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையில் ஃப்ளாஷ் பட்டுத் தெறிக்கும் பளபளப்பு இருக்கிறதே, அது நல்ல அளவுகோல். எண்ணெயின் மேல் தெறிக்கும் ஒளி கூந்தலின் நிறத்தை ஏந்தாது, ஃப்ளாஷின் நிறத்தையே காட்டும். நடுவில் முழுக்க வெந்துபோன வெள்ளையைத் தொடாமல், அதன் ஓரத்தில் மங்கும் இடத்தைத் தொடுங்கள். நிறம் எடுக்கும் கருவியில் சாம்பிள் ஆவரேஜ் வைத்து ஆரம் 5 பிக்சலாவது கொடுங்கள், ஒற்றைப் பிக்சலின் எண் எதற்கும் ஆகாது.

9 ஜனவரி. கேட்டவர்:

கூந்தல் கருப்பாச்சு. வேட்டியும் பரவாயில்ல. ஆனா முகமும் சுவரும் இன்னும் ரோஸ் அடிக்குது. சிவப்பை இன்னும் இழுத்தா கூந்தல் பச்சையாகுது.

9 ஜனவரி, இரவு 10.40

அப்படித்தான் ஆகும். மூன்று சாயமும் ஒரே வளைவில் வெளுப்பதில்லை. இரண்டு முனையும் சரியானாலும் நடு வளைந்தே நிற்கும். அங்கே லெவல்ஸை விட்டுவிட்டு, அதே கலர்ஸ் மெனுவில் உள்ள கர்வ்ஸுக்குப் போகவேண்டும்.

அளவுகோல் ரூலரிலிருந்து கன்ட்ரோல் அழுத்தியபடி இழுத்தால் சாம்பிள் பாயிண்ட் வரும். ஒன்றைத் தூணின் மேல், ஒன்றைக் கூந்தலில், ஒன்றைக் கன்னத்தில் வையுங்கள். சாம்பிள் பாயிண்ட்ஸ் பெட்டியில் மூன்றின் எண்களும் நீங்கள் கர்வை அசைக்க அசைக்க மாறிக்கொண்டே தெரியும். தூணில் ரெட் 142, கிரீன் 128, ப்ளூ 120 என்றால் ரெட் கர்வில் 142-இல் ஒரு புள்ளி வைத்து 128-க்கு இறக்குங்கள், ப்ளூவில் 120-ஐ 128-க்கு ஏற்றுங்கள். கிரீனைத் தொடாதீர்கள், கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவதில் பெரும்பங்கு பச்சையில்தான் இருக்கிறது. நடுவில் ஒரு புள்ளி, அதிகம் போனால் இரண்டு. நான்கு புள்ளி வைத்தால் நிழலில் ஒரு நிறமும் வெளிச்சத்தில் ஒரு நிறமும் அடிக்கும்.

சிவப்புச் சேனலை இவ்வளவு இழுத்ததால் நிழலில் சிவப்பும் பச்சையுமாகப் பொடி தூவின மாதிரி தெரியும். திருத்திய லேயரை நகல் எடுத்து, காஷியன் பிளர் 3 பிக்சல் கொடுத்து, லேயர் மோடை எல்சிஹெச் கலர் என்று மாற்றுங்கள். நிறம் மட்டும் மெழுகும், விளிம்பு கலையாது. உதடும் பொட்டும் வெளியே கசிந்தால் பிளரை 2 ஆக்குங்கள்.

10 ஜனவரி, காலை 8.00

படத்தின் ஒரு பக்கம் மட்டும் ஆரஞ்சாக இருந்தால் அது வெளுப்பு இல்லை, வீடியோ லைட். ஹாலஜன் விளக்கு 3200 கெல்வின், கேமரா ஃப்ளாஷ் 5500 சுமார். இரண்டும் கலந்த முகத்தில் ஒரு கன்னம் ஆரஞ்சு, ஒரு கன்னம் சரி. வெளுப்பு தாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும், விளக்கு ஒரு பக்கமிருந்து வரும். அந்த ஆரஞ்சைத் துடைக்காமல் விடுவதே என் விருப்பம். அந்த மேடையில் உண்மையாகவே அந்த விளக்கு எரிந்தது.

12 ஜனவரி, இரவு 9.00

அம்மா முகம் ஏன் சாம்பலானது என்பதற்கு இப்போது வருகிறேன். ஆட்டோவுக்கு ஓரம் மட்டும் காரணம் இல்லை. முகூர்த்தத்துக்கு முன் மஞ்சள் பூசிக் குளித்த முகம் அது. அந்த மஞ்சள் பழுதில்லை, அன்றைய முகத்தின் நிறமே அதுதான். படத்தில் மஞ்சள் எங்கிருந்தாலும் தாள் பழுத்ததாக நினைத்து மென்பொருள் நீலத்தை ஏற்றிவிடும்.

பழுப்பையும் பூசிய மஞ்சளையும் பிரித்தறிய ஓரத்தைப் பாருங்கள். தாளின் வெள்ளை ஓரம் ரெட் 240, கிரீன் 232, ப்ளூ 205 என்று காட்டினால் தாள் அந்த அளவு பழுத்திருக்கிறது. ஓரம் நடுநிலைக்கு வரும்வரை ப்ளூவின் வெளிச்சப் பகுதியைத் திருத்தியபிறகும் முகத்தில் மஞ்சள் நின்றால் அது நின்றாகவேண்டிய மஞ்சள். பக்கத்தில் நிற்கும் அப்பாவின் முகத்தோடு ஒப்பிடுங்கள், அவர் மஞ்சள் பூசியிருக்க மாட்டார்.

நம் முகங்களுக்கு எண் பார்க்கும் வழி எளிது: ரெட் பெரியது, கிரீன் நடு, ப்ளூ சிறியது. நிறம் கருக்கக் கருக்க ப்ளூ, ரெட்டில் பாதிக்கு அருகே இறங்கும். இந்த வரிசை மாறினால் எங்கோ தவறு. வரிசை சரியாக இருந்து முகம் கருப்பாக இருந்தால் அந்த முகம் கருப்பு. அதை வெளுக்கும் எண்ணத்தோடு யாரும் கர்வை மேலே தூக்கவேண்டாம்.

13 ஜனவரி, காலை 7.10

மூக்குத்தி. தூசி நீக்கும் வடிகட்டிகள் எல்லாம் ஒரே கணக்கில் வேலை செய்கின்றன: சுற்றுப்புறத்தைவிடப் பளிச்சென்ற சின்னப் புள்ளி என்றால் அழி. வெள்ளைக்கல் மூக்குத்தி, ஜரிகையின் முனை, மல்லிகை மொட்டு, தாலிக்கொடியின் குண்டு, எல்லாம் அந்தக் கணக்கில் தூசி. மெடியன், டிஸ்பெக்கிள் எதையும் முழுப் படத்துக்கும் கொடுக்காதீர்கள். வெறும் சுவரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம்.

முகத்தில் கையால்தான் எடுக்கவேண்டும். புது வெற்றுப் லேயர், ஹீல் கருவி, சாம்பிள் மெர்ஜ்டு டிக், பிரஷ் தூசியைவிட ஒன்றரை மடங்கு. எல்லாத் திருத்தமும் அந்த லேயரில் விழும், தவறினால் அழித்துக்கொள்ளலாம். புடவைக் கரையை ஒட்டிய இடத்தில் ஹீல் கரையின் நிறத்தை இழுத்து அழுக்காக்கும், அங்கே மட்டும் குளோன்.

எது தூசி, எது நகை என்று எப்படித் தெரியும்? படத்தை ஸ்கேனரில் 180 பாகை திருப்பி இன்னொரு முறை எடுங்கள். இடம் மாறிய புள்ளி ஸ்கேனர் கண்ணாடியில் இருந்த தூசி. படத்தோடு வந்த புள்ளி வெள்ளையாக இருந்தால், அன்று லேபில் நெகட்டிவின் மேல் இருந்த தூசியாக இருக்கலாம். அது வெளிச்சத்தை மறைத்ததால் தாளில் அந்த இடம் வெளுத்திருக்கும். நெகட்டிவில் கீறலோ ஓட்டையோ இருந்தால் கருப்பாக விழும். வெள்ளைப் புள்ளிக்கும் மூக்குத்திக்கும் வித்தியாசம் பார்க்க அடுத்த படத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நகை முகத்தோடு நகரும், தூசி அடுத்த படத்தில் இருக்காது. ஏழுகல் பேசரி என்றால் எல்லாக் கல்லும் எண்ணிப் பார்க்க 600 டிபிஐயிலும் கிடைக்காமல் போகலாம். கிடைத்தது மூன்று மினுக்கு என்றால் மூன்றோடு விடுங்கள்.

15 ஜனவரி

சில்க் பேப்பர் பிரிண்ட்டுகள் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், அந்தச் சொரசொரப்பு ஸ்கேனில் வலை மாதிரி தெரிகிறதாம். ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கமிருந்து வருவதால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழுகிறது. நேராக ஒன்று, 180 பாகை திருப்பி ஒன்று என்று இரண்டு ஸ்கேன் எடுத்து, இரண்டாவதை நிமிர்த்தி மேல் லேயராக வைத்து, மோடை டிஃபரன்ஸ் ஆக்கி, படம் முடிந்தவரை கருப்பாகும்வரை நகர்த்துங்கள். பொருந்தியதும் மோடை நார்மலாக்கி ஒப்பாசிட்டி 50. ஒன்றின் நிழல் மற்றதன் வெளிச்சத்தோடு அடித்துக்கொண்டு போகும்.

19 ஜனவரி

மேலே சொன்னது பாதிதான் சரி. ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் சரியாகச் சுட்டினார்: தேன்கூடு மாதிரி ஒழுங்கான அமைப்புள்ள தாள்களில் 180 பாகை சராசரி எடுத்தாலும் மெல்லிய வலை தங்கும். ஸ்கேனர் தலை நகரும் வேகம் எங்கும் துல்லியமாக ஒன்றாக இல்லாததால், ஒரு முனையைப் பொருத்தினால் மறுமுனை ஒன்றிரண்டு பிக்சல் விலகவும் செய்யும். விலகலுக்கு, பனோரமா ஒட்டும் மென்பொருளான ஹியூகினோடு வரும் அலைன் இமேஜ் ஸ்டாக்கை ஓட்டுங்கள். மீதி வலைக்கு கிம்ப்பில் சேர்க்கும் ஜிமிக் செருகுநிரலின் ஃபூரியர் வடிகட்டி. படத்தில் திரும்பத்திரும்ப வரும் அமைப்பை அது புள்ளிகளாக்கிக் காட்டும்: நடுவில் ஒரு பிரகாசப் புள்ளி, சுற்றிலும் ஒழுங்கான இடைவெளியில் நட்சத்திரங்கள். நடுப்புள்ளியை விட்டுவிட்டு நட்சத்திரங்களை மட்டும் கருப்பு பிரஷால் மூடித் திருப்பி மாற்றவேண்டும். 8 பிட்டில் செய்தால் வரிவரியாகத் திரும்பி வரும், 16-க்குக் கீழே போகாதீர்கள். வலை முழுக்கப் போகும்வரை மூடிக்கொண்டே போனால் பட்டுப்புடவையின் கட்டமும் போய்விடும். எனக்கு வலை கொஞ்சம் மிச்சமிருப்பது தேவலை.

22 ஜனவரி, இரவு

கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட ஃபிரேம் படம். பிரிக்காதீர்கள். ஈரத்தில் ஜெலட்டின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும், இழுத்தால் படம் கண்ணாடியிலும் தாள் கையிலும் வரும்.

கண்ணாடியோடு ஸ்கேனரில் வைக்கலாமா என்றால், ஸ்கேனரைப் பொறுத்தது. கணினி யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கும் மெல்லிய வகைகள் பெரும்பாலும் சிஐஎஸ். கண்ணாடித் தட்டை ஒட்டி இருப்பது மட்டும்தான் அவற்றுக்குத் தெளிவு, 2, 3 மில்லிமீட்டர் தள்ளினாலே மங்கல். கனமான சிசிடி வகை என்றால் அந்த இடைவெளியைத் தாங்கும். இல்லாவிட்டால் கேமரா.

கேமராவில் எடுக்க: இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒரே மாதிரி இரண்டு எல்ஈடி, சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 95-க்கு மேல். அறையின் மற்ற விளக்கெல்லாம் அணைத்துவிடுங்கள். எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ரா கோப்பு, டைமர். படம் வைக்கும் இடத்தில் முதலில் வெள்ளைத்தாள் வைத்து எடுத்து நான்கு மூலையின் எண்ணும் ஐந்துக்குள் ஒத்துப்போகிறதா பாருங்கள். கேமரா நேராக இருக்கிறதா என்பதற்கு ஸ்பிரிட் லெவல் தேவையில்லை: படத்தின் நடுவில் சின்னக் கைக்கண்ணாடி வையுங்கள், வியூஃபைண்டரில் லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் விழவேண்டும். கேமராவின் பிரதிபலிப்பை மறைக்க, லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட கருப்பு சார்ட் அட்டையை லென்ஸில் மாட்டிவிடுங்கள்.

சாதாரண ஃபிரேம் கண்ணாடி கொஞ்சம் பச்சை. ஒளி உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் இரண்டு தடவை அதைத் தாண்டுகிறது. கிரீன் சேனல் சற்றுத் தூக்கலாக வந்தால் வெளுப்பைக் குற்றம் சொல்லாதீர்கள்.

26 ஜனவரி

தாத்தா பாட்டி கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இதில் எதுவுமே வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அவற்றையும் கலரில்தான் ஸ்கேன் செய்யவேண்டும். கறை எந்தச் சேனலில் மறைகிறது என்று பார்க்க மூன்று சேனல் கையில் இருக்கவேண்டும்.

கலர்ஸ், காம்பொனென்ட்ஸ், எக்ஸ்ட்ராக்ட் காம்பொனென்ட். தாளின் பழுப்பு, மஞ்சள் கறை, சந்தனம், குங்குமப் பொட்டு ஆகியவை ரெட் சேனலில் கிட்டத்தட்டக் காணாமல் போகும். சிவப்பு ஒளியில் குங்குமமும் தாளும் ஒன்றுதான். படத்துக்கு வைத்த பொட்டு கண்ணாடியைத் தாண்டிப் படத்தில் இறங்கியிருந்தாலும் ரெட் சேனலை எடுத்தால் நெற்றி திரும்பக் கிடைக்கும். நீல பால்பாயிண்ட் கிறுக்கல் நேர்மாறு, ரெட்டில் கன்னங்கரேலென்று நிற்கும், ப்ளூவில் மங்கும். ஆனால் ப்ளூவில் பழுப்பு பூதாகரமாகும். அதனால் அடியில் ரெட், மேலே ப்ளூ, ப்ளூவுக்குக் கருப்பு லேயர் மாஸ்க் (கருப்பு உள்ள இடத்தில் லேயரை மறைத்து, வெள்ளை உள்ள இடத்தில் காட்டும் மூடி) போட்டு, மை விழுந்த கோட்டில் மட்டும் வெள்ளை பிரஷ் ஓட்டுங்கள். முன்னதாக ப்ளூ லேயரின் வெளிச்சத்தை லெவல்ஸ் நடு முக்கோணத்தால் ரெட்டோடு ஒப்பாக்கிவிடவேண்டும்.

கருப்புப் பகுதியில் நீலமாக, பாதரசம் பூசினமாதிரி மினுங்கினால் அது படத்திலிருந்த வெள்ளி மேலே ஏறி வந்தது. மென்பொருளில் அதோடு போராடவேண்டாம். விளக்குகளின் முன் போலரைசர் தாள், லென்ஸில் சர்க்குலர் போலரைசர். லென்ஸில் உள்ளதைச் சுழற்றிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் மினுக்கு அணைந்து அடியில் உள்ள கருப்பு தெரியும். வெளிச்சம் மூன்று நான்கு ஸ்டாப் குறையும், ஷட்டர் நேரத்தை நீட்டுங்கள்.

கையால் வண்ணம் தீட்டிய ஸ்டுடியோ படம் என்றால் ரெட் சேனல் வைத்தியம் செய்யக்கூடாது, உதட்டுச் சிவப்பும் புடவை வண்ணமும் தீட்டியவர் கையோடு போய்விடும்.

2 பிப்ரவரி

செயலி மூக்குத்தியை ஏன் தின்றது என்று மறுபடி கேட்கிறீர்கள். 2021-இல் வந்த ஜிஎஃப்பிகேன், 2022-இல் வந்த கோட்ஃபார்மர் போன்ற முகம் சீராக்கும் ஏஐ மென்பொருள்கள் எஃப்எஃப்ஹெச்க்யூ என்ற தொகுப்பில் பழகியவை. ஃப்ளிக்கரில் கிடைத்த 70,000 முகங்கள் அதில் உண்டு. மங்கிய முகம் ஒன்றைக் கொடுத்தால் அந்த 70,000 முகங்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தில் ஒரு முகத்தை வரைகின்றன. குரூப் படத்தில் அம்மா முகம் 40 பிக்சல் அகலம் என்றால் அந்த 40-இல் கண்ணிமை இல்லை. செயலி காட்டும் இமை யாருடையதும் அல்ல. மூக்கில் ஒரு பளிச் புள்ளி அந்தப் பழக்கத்துக்குப் பொருந்தாது, துடைத்துவிடும். அம்மைத்தழும்பும் மச்சமும் அப்படியே.

கோட்ஃபார்மரில் 0 முதல் 1 வரை ஒரு அளவு உண்டு, 1-ஐ நெருங்க நெருங்கக் கொடுத்த படத்துக்கு நெருக்கமாக நிற்கும். நான் அப்போதும் முகத்துக்கு வேண்டாம் என்பேன். கிழிந்த வானம், மடிப்பு விழுந்த திரைச்சீலை, பந்தல் துணி இவற்றுக்குச் செய்யலாம், அதற்கும் ரீசிந்தசைசர் செருகுநிரலின் ஹீல் செலக்ஷன் போதும். மங்கிய முகம் மங்கலாக இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் நாற்பது வருடம் கழித்து அதைப் பார்த்து "பாட்டி இப்படி இருந்தாங்க" என்று சொல்லப்போகிறார்கள், அது பாட்டியாக இருக்கவேண்டும்.

8 பிப்ரவரி

பிரிண்ட் போட: லேபுக்கு எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில், 8 பிட் ஜேபெக், தரம் 95. 2400×3600 என்பது 300 டிபிஐயில் சரியாக 8×12 அங்குலம். ஷார்ப்பன் கடைசியில் ஒரே ஒரு தடவை, ஆரம் 1, அளவு 0.5. "கலர் கரெக்ஷன் போடாதீங்க" என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் லேப் மிஷின் மறுபடி அந்த மஞ்சளைத் துடைத்துவிடும். முதலில் ஒரே ஒரு 4×6 போட்டுப் பாருங்கள். கணினித் திரையில் இரவு மோட் எரிந்துகொண்டிருந்தபோது திருத்திய படம் பிரிண்டில் நீலமாக வரும், அதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

உறவுக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். திருத்தாத டிஃப் கோப்பை எந்தக் காலத்திலும் அழிக்காதீர்கள்.

11 பிப்ரவரி. கேட்டவர்:

எல்லாம் செஞ்சாச்சு. அம்மா பார்த்துட்டு, "கூறைப்புடவை கத்திரிப்பூ கலர் இல்லடா, எம்.எஸ். ப்ளூ"ன்னு சொல்றாங்க. எண்ணெல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் என்ன பண்ண?

11 பிப்ரவரி, இரவு 9.45

அம்மா சொல்வதுதான் சரியாக இருக்கும். சயான் போனால் நீலம் கத்திரிப்பூவாகும். அழுத்தமான நீலத்தில் இழப்பும் அதிகம், மொத்தப் படத்துக்குப் போட்ட கர்வ் அங்கே போதாது.

புடவை வீட்டில் இருக்கிறதா? இருந்தால் மடிப்பின் உட்பக்கம், வெளிச்சம் படாத இடத்தைப் பிரித்து, மேகமூட்டமான பகலில் ஜன்னலோரம் வைத்து, பக்கத்தில் கிரே கார்டு என்ற நடுநிலைச் சாம்பல் அட்டையோடு ஒரு படம் எடுங்கள். கார்டை நடுநிலையாக்கிவிட்டுப் புடவையின் மூன்று எண்ணையும் குறியுங்கள். கல்யாணப் படத்தில் புடவையை மட்டும் ஃப்ரீ செலக்டால் வளைத்து, ஓரத்தை 8 பிக்சல் ஃபெதர் செய்து, லேயர் மாஸ்க்காக்கி, ரெட் கர்வை மட்டும் இறக்குங்கள். அந்த எண்ணுக்கே கொண்டுபோக முயலாதீர்கள். ஃபிலிம் பார்த்த நீலமும் உங்கள் கேமரா பார்க்கும் நீலமும் ஒன்றாக இருக்காது, பட்டும் நாற்பது வருடம் பழையது. எண்கள் திசை காட்டும். பாதி தூரம் போனதும் நிறுத்தி அம்மாவைக் கூப்பிடுங்கள்.

14 பிப்ரவரி. கேட்டவர்:

பீரோல இருந்துச்சு அண்ணா. உள்மடிப்பு ரெட் 38, கிரீன் 62, ப்ளூ 128. படத்துல ரெட் 97 இருந்துச்சு, 64 வரைக்கும் இறக்கினேன். அம்மா அங்கேயே நிறுத்தச் சொல்லிட்டாங்க. ஜரிகைக்கு மாஸ்க்கில் ஓட்டை விடணுமா? அதுவும் பச்சை அடிக்குது.

14 பிப்ரவரி

விடணும். ஜரிகையை மாஸ்க்கில் கருப்பு பிரஷால் விலக்குங்கள், பிரஷ் 6 பிக்சல், ஹார்ட்னஸ் 50. கரை நீளமாக இருந்தால் மவுஸ் க்ளிக், அடுத்த முனையில் ஷிப்ட் க்ளிக், நேர்கோடாக விழும்.